சொகுசுக் கப்பலில் டெக் கேடட்: வேலை என்ன, வாழ்க்கை எப்படி?

பிளஸ் டூ முடித்த தம்பிக்காக அக்கா ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "சரக்குக் கப்பல் வேண்டாம், பயணிகள் சொகுசுக் கப்பலில்தான் டெக் கேடட்டாகச் சேருவேன் என்று அடம் பிடிக்கிறான். அங்கே கேடட்டுக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? வாழ்க்கை எப்படி இருக்கும்? உண்மையிலேயே தொழில் கற்றுக்கொள்ள முடியுமா?"

கற்றுக்கொள்ள முடியும். ஆனால் சரக்குக் கப்பலில் வேலை கேடட்டைத் தேடி வரும். சொகுசுக் கப்பலில் கேடட்தான் வேலையைத் தேடிப் போக வேண்டும். நான் பயிற்சி பெற்றதும் இன்று ஆபீசராக வாட்ச், அதாவது கப்பலைச் செலுத்தும் முறைப்பணி, பார்ப்பதும் பயணிகள் கப்பலில்தான். சேருவதற்கு முன்பே தம்பி இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

தானியம், நிலக்கரி போன்றவற்றை மொத்தமாக ஏற்றும் ஒரு பல்க் கேரியரில் மொத்தமே இருபது இருபத்தைந்து பேர்தான் இருப்பார்கள். அங்கே கேடட்டும் ஓர் ஆள் கணக்கு. சரக்கறை மூடியான ஹேட்ச்சைத் திறப்பது, டேங்க் அளவெடுப்பது, துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது என்று எதற்கும் அவரைக் கூப்பிடுவார்கள். பெரிய சொகுசுக் கப்பலில் ஊழியர்களே ஆயிரத்துக்கும் மேல். கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜில் ஒரே வாட்சில் பெரும்பாலும் இரண்டு ஆபீசர்கள், கூடவே லுக்அவுட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் மாலுமிகள். கேடட் இல்லாவிட்டாலும் எதுவும் நிற்காது. யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தே மாதக்கணக்கில் ஓட்டிவிடலாம். அப்படி ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல பையன், நல்ல பெண் என்ற பெயரோடு ஊருக்குப் போய், வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் முன்னால் வாயடைத்துப் போவார்கள்.

டெக் கேடட் என்பவர் பிற்காலத்தில் கப்பலைச் செலுத்தப்போகும் ஆபீசராகப் பயிற்சி பெறுபவர். ஓட்டல் பிரிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1978-ஆம் ஆண்டின் எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற, கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ், வாட்ச் பற்றிய சர்வதேச ஒப்பந்தம்தான் அடிப்படை. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் இருப்பவருக்குக் குறைந்தது 12 மாதக் கடல் சேவை வேண்டும். அதில் குறைந்தது 6 மாதம் கேப்டன் அல்லது தகுதி பெற்ற ஆபீசரின் மேற்பார்வையில் பிரிட்ஜ் வாட்ச் பார்த்திருக்க வேண்டும். செய்த ஒவ்வொரு வேலையும் பயிற்சிப் பதிவேட்டில் ஏறி, ஆபீசரின் கையெழுத்து விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் தேர்வு, சான்றிதழ், தனியாக வாட்ச் பார்க்கும் உரிமை எல்லாம்.

வாட்ச் என்பது நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு என்று சுழலும்: 12-4, 4-8, 8-12. கேடட்டை எல்லா வாட்சிலும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்தது 4-8. அதிகாலை மூன்றரைக்கு போன் அடிக்கும். பிரிட்ஜுக்குள் நுழைந்தால் கும்மிருட்டு. திரைகள் எல்லாம் மிகக் குறைந்த வெளிச்சத்தில் இருக்கும். கண் இருட்டுக்குப் பழகும் வரை பொறுப்பு கை மாறாது. அதனால் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னாலேயே போய் நின்றுவிட வேண்டும். எந்தப் பாதையில் போகிறோம், எந்த வேகம், எந்தக் கப்பல் எந்தப் பக்கம், இரவுக்கான கேப்டனின் உத்தரவு என்ன என்று எல்லாம் சொல்லி முடித்து, "நான் எடுத்துக்கொண்டேன்" என்று அடுத்தவர் வாய் திறந்து சொன்ன பிறகுதான் முதலாமவர் நகர்வார். கேடட் இதைக் காதால் கேட்டுக்கொண்டால் மட்டும் போதாது. "இன்று நான் ஹேண்ட்ஓவர் சொல்லட்டுமா சார்?" என்று கேட்க வேண்டும். கேட்டால் எந்த ஆபீசரும் மறுப்பதில்லை.

அந்த வாட்சில் சூரிய உதயம் வரும். பயணிகள் மேலே போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது கேடட் பிரிட்ஜின் பக்கவாட்டு நீட்சியான பிரிட்ஜ் விங்கில், திசைகாட்டியான கைரோ ரிப்பீட்டரின் மேல் திசை பார்க்கும் அசிமத் சர்க்கிளை வைத்துக்கொண்டு காத்திருப்பார். சூரியனின் கீழ்விளிம்பு தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய அதன் பாதி விட்டம் உயரும்போது திசையைப் படிக்க வேண்டும். ஒளிவிலகல் காரணமாக, கணக்குப்படி சூரியன் உண்மையில் தொடுவானத்தில் இருப்பது அப்போதுதான். பிறகு கடலோடிகளுக்கான பஞ்சாங்கத்தில் அந்த நேரத்துக்கான டெக்ளினேஷனை, அதாவது சூரியன் பூமத்தியரேகைக்கு எத்தனை டிகிரி வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்பதைப் பார்த்து, அதன் சைனை நம் அட்சரேகையின் கோசைனால் வகுத்து, வரும் எண் எந்தக் கோணத்தின் சைன் என்று பார்க்க வேண்டும். அட்சரேகை 36 வடக்கு, டெக்ளினேஷன் 20 வடக்கு என்றால் விடை 25 டிகிரி. அதாவது நேர் கிழக்கிலிருந்து 25 டிகிரி வடக்கே தள்ளி, 065-இல் சூரியன் தெரிய வேண்டும். கைரோ 066 காட்டினால் அது ஒரு டிகிரி கூட்டிக் காட்டுகிறது என்று அர்த்தம். இத்தனை ஜி.பி.எஸ். இருக்கும்போது இது எதற்கு என்று தம்பி கேட்கலாம். எந்தக் கருவியையும் அதோடு சம்பந்தமில்லாத இன்னொன்றை வைத்துச் சரிபார்க்கும் பழக்கம் இங்கேதான் உடம்பில் ஊறுகிறது. ராடாரும் மின்னணுக் கடல்வரைபடமும் ஒரே தகவலை வாங்கிக் காட்டிக்கொண்டிருந்தால், இரண்டும் சேர்ந்தே தப்பாகவும் காட்டும்.

சாலை விதி மாதிரி கடலிலும் விதிகள் உண்டு. 1972-ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகள் கேடட்டுக்கு மனப்பாடமாகவே இருக்க வேண்டும். 5-ஆம் விதி எப்போதும் கண்ணாலும் காதாலும் பிற வழிகளாலும் கவனித்துக்கொண்டே இருக்கச் சொல்கிறது. 15-ஆவது, வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் கப்பலுக்கு வழிவிடுவது. 19-ஆவது, மூடுபனியில் எப்படி நடந்துகொள்வது என்பது. படிப்பது ஒரு வேலை. இருட்டில் தெரியும் ஒரு சிவப்பு விளக்கையும் இரண்டு வெள்ளை விளக்குகளையும் பார்த்து அது எந்தப் பக்கம் போகிறது, நமக்கு என்ன கடமை என்று ஒரு நிமிடத்துக்குள் சொல்வது வேறு வேலை. ஆபீசர் சும்மா இருக்கும் நேரம் பார்த்து, "சார், அந்தக் கப்பலுக்கு நான் என்ன செய்வேன் என்று சொல்லவா?" என்று ஆரம்பியுங்கள். அந்தப் பத்து நிமிடப் பேச்சு கல்லூரியில் ஒரு வாரத்துக்குச் சமம்.

துறைமுக வேலையில் சொகுசுக் கப்பலுக்கு ஈடே கிடையாது. டேங்கர் கேடட் வாரக்கணக்கில் நடுக்கடலில் இருப்பார். இங்கே மத்தியதரைக் கடலிலோ கரீபியனிலோ ஏறக்குறைய தினம் ஒரு துறைமுகம். காலையில் கட்டி, மாலையில் அவிழ்ப்போம். ஒரு நாள் முன்பக்கக் கயிறு, ஒரு நாள் பின்பக்கக் கயிறு, ஒரு நாள் பிரிட்ஜ் என்று மூன்று இடத்திலும் நின்று பார்க்க வேண்டும். பின்பக்கத்தில் நிற்பவர் கரைக்கு எத்தனை மீட்டர் இருக்கிறது என்று வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த எண்ணை நம்பித்தான் மேலே கேப்டன் கப்பலை நகர்த்துகிறார். இழுவையில் இருக்கும் கயிறு அறுந்தால் எந்த வழியாகப் பாயும், அந்த இடத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பதுதான் கேடட் முதலில் கற்க வேண்டியது. மற்றதெல்லாம் அப்புறம்.

துறைமுகத்துக்கு வழிகாட்டும் பைலட் படகில் வந்து ஏறும்போது கேடட்டைப் பெரும்பாலும் கீழே பக்கவாட்டுக் கதவுக்கு அனுப்புவார்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும் கதவு அது. ஏணியின் படிகள் நேராக இருக்கின்றனவா, கயிறு தேய்ந்திருக்கிறதா, விளக்கோடு கூடிய மிதவை வளையம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்து, பிரிட்ஜுக்குச் சொல்லி, அனுமதி வந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். அலை தூக்கும் படகிலிருந்து ஓர் ஆள் ஏணிக்குத் தாவுவதை அவ்வளவு பக்கத்தில் பார்த்தவர் அந்தச் சோதனையை ஒருநாளும் ஒப்புக்குச் செய்ய மாட்டார்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து புறப்படுவதை உதாரணத்துக்குச் சொல்கிறேன். கால்ஷாட்டைத் தாண்டி, தார்ன் வாய்க்காலில் தென்மேற்காகப் போய், பிராம்பிள் மணல்திட்டின் மேற்கு முனையில் இடதுபுறம் பெரிதாக வளைந்து கிழக்கே திரும்ப வேண்டும். கோடையில் அந்த இடம் முழுக்கப் பாய்மரப் படகுகள். 150 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல் அந்தப் பகுதியில் வரும்போது, அதன் முன்னால் 1,000 மீட்டரும் இரு பக்கமும் 100 மீட்டரும் சிறு படகுகள் நுழையக் கூடாத நகரும் வளையம் என்று துறைமுக விதியே உண்டு. இருந்தாலும் நுழைந்துவிடுவார்கள். கேடட்டின் கண்ணுக்கு அங்கே நிஜமாகவே வேலை. "இடது முன்பக்கம், வெள்ளைப் பாய், குறுக்கே வருகிறது" என்று அவர் சொல்வதை எல்லோரும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

காற்று இன்னொரு பாடம். சொகுசுக் கப்பல் பத்துப் பதினைந்து மாடி உயரத்துக்கு நிற்பதால் பக்கவாட்டுப் பரப்பு பிரம்மாண்டமானது. கப்பல் கையாளுவோர் மனதில் வைத்திருக்கும் ஒரு கணக்கு உண்டு: காற்றின் வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, அதை வர்க்கப்படுத்தி, 18-ஆல் வகுத்தால் ஒவ்வோர் 1,000 சதுர மீட்டருக்கும் எத்தனை டன் விசை என்று வரும். பரப்பு 10,000 சதுர மீட்டர், காற்று ஏறக்குறைய 30 நாட், அதாவது நொடிக்கு 15 மீட்டர் என்றால் 125 டன் விசை கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. காற்று இரட்டிப்பானால் விசை நாலு மடங்கு. கப்பலின் முன்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும் பவ் த்ரஸ்டர்கள் எத்தனை டன் தள்ளும் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், கேப்டன் ஏன் சில நாள் ஒரு துறைமுகத்துக்குள் நுழையாமலே திரும்பிவிடுகிறார் என்பது புரிந்துவிடும். மேலே பயணிகள் கோபப்படுவார்கள். பிரிட்ஜில் அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதைக் கேடட் நேரில் பார்ப்பார். இது பெரிய பாக்கியம்.

பாதி நேரம் பிரிட்ஜ் என்றால் மீதிப் பாதி பாதுகாப்பு வேலை. சேஃப்டி ஆபீசரோடு பாய்லர் சூட் போட்டுக்கொண்டு அலைய வேண்டும். லைஃப்போட் எஞ்சின்களை வாரம் ஒருமுறை குறைந்தது மூன்று நிமிடம் ஓட்டிப் பார்ப்போம். காற்றடைத்த லைஃப்ராஃப்ட் மிதவைகள் ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸுக்குப் போக வேண்டும். லைஃப்போட்டைத் தாங்கும் கம்பிவடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியாக வேண்டும். ஒரு கப்பலில் இவை எத்தனை, எந்தத் தேதியில் காலாவதி என்று எல்லாம் பட்டியல் போடுவது கேடட்டின் வேலை. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் லைஃப்போட்டின் கொக்கி எப்படிப் பூட்டுகிறது, பாதி பூட்டினால் எப்படித் தெரியும் என்பதை கிரீஸ் படிந்த கையோடு தெரிந்துகொண்டவருக்குத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தால் யோசிக்கவே வேண்டாம். அதேபோல், தண்ணீர் பரவாமல் தடுக்கும் வாட்டர்டைட் கதவு. ஹைட்ராலிக் சக்தியில் மூடும் இந்தக் கதவுகளில் சிக்கி மாலுமிகள் இறந்திருக்கிறார்கள். முழுக்கத் திறந்த பிறகே கடக்க வேண்டும், கையில் சாமானோடு கடக்கவே கூடாது. முதல் நாளே இதைச் சொல்லித்தருவார்கள். கடைசி நாள் வரை கடைப்பிடிக்க வேண்டும்.

கோஸ்டா கன்கார்டியா என்ற சொகுசுக் கப்பலின் விபத்து பற்றித் தம்பி படித்திருக்கலாம். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜீல்யோ தீவுப் பாறையில் மோதிச் சாய்ந்தது; 32 பேர் இறந்தார்கள். சில மணி நேரம் முன்பு சிவிதவெக்கியாவில் ஏறிய ஏறக்குறைய 700 பயணிகளுக்கு அதுவரை பாதுகாப்புப் பயிற்சியே நடக்கவில்லை. ஏனென்றால் 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று விதி இருந்தது. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்பு அல்லது புறப்பட்டவுடனேயே நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. ஏழு குட்டைச் சத்தம், ஒரு நெடுஞ்சத்தம் கேட்டால் எங்கே போக வேண்டும் என்று பயணிகளுக்குச் சொல்லித்தரும் வரிசையில் கேடட்டும் நிற்பார். லைஃப் ஜாக்கெட்டோடு எண்பது வயது பாட்டி ஒருவர் படியில் திணறும்போது, பின்னால் இருநூறு பேர் காத்திருக்கும்போது, எந்தக் குரலில் பேசினால் கூட்டம் அமைதியாக நகரும் என்பதை அங்கேதான் கற்கிறோம். சரக்குக் கப்பலில் இது கிடைக்கவே கிடைக்காது.

அந்த விபத்து பிரிட்ஜின் பழக்கத்தையும் மாற்றியது. பல நிறுவனங்களில் இப்போது கேப்டன் தானே கப்பலை ஓட்டாமல் சற்று விலகி நின்று மேற்பார்வை பார்க்கிறார். ஓட்டும் ஆபீசர் தான் செய்யப்போவதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்கிறார். இன்னொருவர் அதைச் சரிபார்த்து, சந்தேகம் இருந்தால் தடுத்துக் கேட்கிறார். கேடட்டும் தடுத்துக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது கஷ்டம். முதல் மாதத்திலேயே இந்தக் கூச்சத்தை விட்டுவிட வேண்டும்.

சரி, வாழ்க்கை. கேபின் பெரும்பாலும் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாமல் இருக்கும். சில நிறுவனங்களில் தனி அறை, சிலவற்றில் இருவருக்கு ஒன்று. ஊழியர்களுக்கென்று கப்பலின் நீளத்துக்கும் ஓடும் ஒரு நடைபாதை உண்டு. அமெரிக்கப் பக்கம் ஓடும் கப்பல்களில் அதை ஐ-95 என்றும், பிரிட்டிஷ் கப்பல்களில் எம்1 என்றும் நெடுஞ்சாலைகளின் பெயரால் கூப்பிடுவார்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, கோவா, மும்பை என்று எல்லா ஊர்க்காரர்களும் அதில் எதிர்ப்படுவார்கள். மெஸ்ஸில் சோறும் பருப்பும் கிடைக்கும். ஆபீசர் யூனிஃபார்ம் என்பதால் பயணிகள் பகுதிக்குப் போக அனுமதி உண்டு. ஆனால் அங்கே போனால் எந்நேரமும் வேலையில் இருப்பது போலத்தான். "இந்தக் கப்பல் எத்தனை மணிக்கு நகரும்?" என்று கேட்பவருக்கும், பிள்ளையைத் தொலைத்துவிட்டு அழுபவருக்கும் கேடட்டும் ஆபீசரும் ஒன்றுதான். பயணிகளோடு நெருங்கிப் பழகுவதை நிறுவனங்கள் கண்டிப்பாகத் தடுக்கின்றன. பலரை அதற்காகவே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மது விஷயத்திலும் அப்படித்தான். சர்வதேச வரம்பு ரத்தத்தில் 0.05 சதவீதம், நிறுவனங்களின் சொந்த வரம்பு பெரும்பாலும் அதைவிடக் கடுமை.

ஓய்வு நேரத்துக்குச் சட்டம் இருக்கிறது: எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி, எந்த ஏழு நாளிலும் 77 மணி. அந்தப் பத்தை இரண்டாகத்தான் பிரிக்கலாம், அதில் ஒன்று தொடர்ச்சியாக 6 மணி இருக்க வேண்டும். தினம் துறைமுகம், வாராவாரம் டிரில் என்று இருக்கும் கப்பலில் இது சில நேரம் இடிக்கும். ஓய்வு மணிக்கணக்கைத் தம்பி உள்ளபடியே எழுத வேண்டும். யார் சொன்னாலும் மாற்றி எழுதக் கூடாது. கரைக்குப் போய்ச் சுற்றுவதெல்லாம் கிடைக்கும், ஆனால் பயணிகளைப் போல இல்லை. இரண்டு மணி நேரத்தில் ஒரு காபி, வீட்டுக்கு ஒரு போன், திரும்பி வந்து தூக்கம். பல நாள் அந்தத் தூக்கம்தான் வேண்டியிருக்கும்.

இனி குறை. சரக்கு வேலை இங்கே கிடையாது. ஆனால் தேர்வில் அது உண்டு. டேங்கர், கன்டெய்னர், தானியம் ஏற்றுவது எல்லாம் புத்தகத்தில்தான் படிக்க வேண்டும். பின்னாளில் டேங்கர் பக்கம் போக நினைத்தால், அந்த வகைக் கப்பலில் அனுபவம் எங்கே என்று கேட்பார்கள். இந்தியாவிலிருந்து சேருபவர்களுக்குச் சொகுசுக் கப்பலில் கேடட் இடம் குறைவு என்பதும் உண்மை. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் சரக்குக் கப்பலில் பயிற்சி முடித்து, சான்றிதழ் வாங்கிய பிறகே பயணிகள் கப்பலுக்கு மாறுகிறார்கள். அதனால் தம்பி இரண்டு கதவையும் திறந்து வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

இந்திய வழி இப்படி: கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்துப் படித்தவர்கள் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதன் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. மூன்றாண்டு பி.எஸ்சி. நாட்டிகல் சயின்ஸ் முடித்தால் 12 மாதக் கடல் சேவை, ஓராண்டு டி.என்.எஸ். என்ற நாட்டிகல் சயின்ஸ் டிப்ளமோ முடித்தால் 18 மாதம். பிறகு, வாட்ச் பார்க்கும் ஆபீசருக்கான செகண்ட் மேட் தேர்வு. பயணிகள் கப்பலுக்குக் கூட்டத்தைக் கையாளும் பயிற்சி தனியாக உண்டு.

பணம் கேட்கும் ஏஜென்ட் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வேலை வாங்கித்தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம். கப்பல் துறை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் இல்லாத நிறுவனத்திடம் பாஸ்போர்ட்டைக்கூடக் கொடுக்காதீர்கள்.

இடம் கிடைத்தால், கையெழுத்துப் போடும் முன் நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பிரிட்ஜ் வாட்சுக்கு எத்தனை மாதம் ஒதுக்குவீர்கள்? கப்பலில் பயிற்சிக்கென்று பொறுப்பான ஆபீசர் யார்? பதிவேட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பார்? மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள். இதற்கெல்லாம் முன்னால், கப்பல் துறை அங்கீகரித்த மருத்துவரிடம் போய் நிறப்பார்வைப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். சிவப்பும் பச்சையும் குழம்புகிற கண்ணுக்கு டெக் பிரிவில் இடமில்லை. கல்லூரிக் கட்டணம் கட்டிய பிறகு அது தெரியவரக் கூடாது.